ஐந்து பெட்டிக்குள் ஒரு அப்பா

1

இந்தக் கதை பிறந்ததே, இதை எழுதுகிற அறிவுச்செல்வன் ஒரே பகலில் செய்த நாசத்தால்தான். திண்டிவனத்து நூலகம் ஒன்றில் திருவிழா நோட்டீசு, சினிமாப் பாட்டுப் புத்தகம், கல்யாணப் பத்திரிகை எல்லாம் கட்டுக்கட்டாக இருந்தன. கண்காட்சிக்கு உதவுகிறேன் என்று விழுப்புரத்திலிருந்து பஸ் ஏறி வந்தவர், கட்டுகளை அவிழ்த்து, சினிமா, பக்தி, அரசியல், விவசாயம், இதர என ஐந்து பெட்டிகளில் பிரித்துப் போட்டார். கட்டியிருந்த நாடாக்கள் குப்பை வண்டியில் போயின. கொடுத்தவர் பெயர் அந்த நாடாக்களில்தான் இருந்தது.

2

கதையை அவர் முதலில் இப்படித் தொடங்கினார்: ‘ஒரு தேசத்தின் ஆன்மா அதன் காகிதங்களில்...’

(அடித்துவிட்டார். ஆன்மா வந்தாலே அவருக்குக் கொட்டாவி வரும்.)

நூலகர் ஜெசிந்தா பதினோரு வருடமாக வீடு வீடாய்ப் போய்க் கேட்டு வாங்கி, வீட்டுக்கு ஒரு கட்டாக வைத்திருந்தார். ஒரு கிறிஸ்தவ வீட்டுக் கட்டில் மேல்மலையனூர் அம்மன் கோயில் அமாவாசை நோட்டீசு, கூலி உயர்வுக் கூட்ட அழைப்பு, மல்லாட்டை என்கிற வேர்க்கடலை விதை விளம்பரம். ஒரே ஆள் வேடிக்கை பார்த்தான், சண்டை போட்டான், விதைத்தான். நாட்டின் சரித்திரத்தை இத்தனை நெருக்கமாக யார் அடுக்கினார்கள்? ஜெசிந்தா சொல்லக் கேட்டு அறிவுச்செல்வன் அசந்துபோனார். பிரித்த பிறகு.

“தப்பு பண்ணிட்டேனா மேடம்?”

“டீ ஆறுது சார், குடிங்க.”

(குறிப்பு: அன்று அவர் நான்கு முறை கேட்டார். நான்கு டீ குடித்தார்.)

3

பூமாலை என்ற பாத்திரத்தின் மேல் அறிவுச்செல்வனுக்கே சந்தேகம். இவ்வளவு சரியான நேரத்துக்கு யாராவது வருவார்களா? வந்தார். அப்பா அந்தோணிசாமியின் நினைவு நாள். சர்ச்சில் பூசை முடித்து நேராக வந்திருந்தார். கூலி வேலை செய்த அந்த மனிதர் ஒரு போட்டோகூட எடுத்துக்கொண்டதில்லை. அவர் சேர்த்த காகிதங்களைக் கரையானுக்குப் பயந்து மகள் இங்கே கொடுத்திருந்தார்.

“எங்கப்பா கட்டு எங்க மேடம்? பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்.”

ஜெசிந்தா அறிவுச்செல்வனைப் பார்த்தார். அறிவுச்செல்வன் மின்விசிறியைப் பார்த்தார்.

4

முடிவு ஒன்று: எல்லாம் கிடைத்துவிடுகிறது. (பொய்.)

முடிவு இரண்டு: பூமாலை பெருந்தன்மையாகச் சிரித்து... (அவர் சிரிக்கவில்லை.)

எத்தனை கிடைத்தன என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். இதை எழுதும்போது தேடிப் பார்க்க இன்னும் இரண்டு பெட்டி பாக்கி. அன்று நடந்தது இவ்வளவுதான்:

“பெரிய லைப்ரரில எல்லாம் இப்படித்தான் பிரிப்பாங்கம்மா, அதனால...” என்று ஆரம்பித்த அறிவுச்செல்வன் மின்விசிறியிலிருந்து கண்ணை இறக்கிப் பூமாலையைப் பார்த்தார். “உங்கப்பாவத் தொலைச்சுட்டேனா நான்?”

“ஆமா சார், தொலைச்சுட்டீங்க” என்றார் பூமாலை. “எனக்குப் படிக்கத் தெரியாது. ஆனா அவரு எந்தக் காயிதத்தையும் எட்டா மடிச்சு இடுப்புல சொருவிக்கினு போவாரு. வேர்வக் கறை இருக்கும். மொதப் பொட்டிய எறக்குங்க. ஒண்ணொண்ணா காட்டிக்கினே வாங்க. அவுருதா இல்லியான்னு நான் சொல்றேன்.”