இறங்காத பூநாரைகள்

வாஷியில் அந்தக் குளக்கரைக்குச் சாதனா வந்து நின்றபோது குளமே இல்லை. சேறு வெடித்துக் கிடந்தது. கடல் நீர் ஏறி வரும் வாய்க்காலை எந்தப் புண்ணியவானோ மணல் மூட்டை அடுக்கி அடைத்திருந்தான். 

திங்கட்கிழமை கோர்ட்டில் வழக்கு. இந்தக் குளிர்காலக் கணக்கெடுப்பில் பறவை இருந்தால் குளம் பிழைக்கும். இல்லையென்றால் மண்ணைக் கொட்டிக் கட்டடம் எழுப்பிவிடுவார்கள். ஒன்பது வருஷமாக மாட்டுங்காவிலிருந்து வந்து சல்லிக்காசு வாங்காமல் எண்ணுகிறவள் அவள். கூட எண்ணுகிறவர் தாராவித் தோல் பட்டறைக்காரர் மகேஷ்குமார்.

இருவரும் மூட்டைகளைப் பிடித்து இழுத்தார்கள். இரண்டு நகர்ந்தன. கொஞ்சம் நீர் கசிந்தது, அவ்வளவுதான். அதற்குள் கடல் ஏறிவிட்டது. கடலோரச் சேற்றுத்திட்டு முழுகினால் பூநாரைகள் இங்கேதான் ஒதுங்கும். வந்தன, முந்நூறுக்குக் குறையாது. தலைக்கு மேலே ஒரு சுற்றுச் சுற்றின. கீழே நீரில்லை. இன்னொரு சுற்று.

"இறங்குங்கோடீ! ஒரு நிமிஷம் இறங்கிட்டுப் போங்கோ!"

ஐம்பது வயதில், கழுத்தில் பைனாகுலரோடு, வானத்தைப் பார்த்துக் கத்தினாள். குளத்தில் கால் ஊன்றிய பறவைதான் கணக்கு. மேலே பறப்பதை எழுதக்கூடாது. போன வருஷம் அப்படி எழுதிய ஒரு காலேஜ் கும்பலையே வறுத்தெடுத்தவள் அவள்.

ஒன்றுகூட இறங்கவில்லை.

சாதனா 'இறங்கியவை' என்ற கட்டத்தில் 312 என்று எழுதினாள். வெட்கமாகத்தான் இருந்தது. தாளோடு, எட்ட நின்று தனியாக எண்ணிக்கொண்டிருந்த மகேஷ்குமாரிடம் ஓடினாள்.

"மகேஷ், நீங்களும் இதையே எழுதிடுங்கோ. யாருக்குத் தெரியப்போறது?"

அவர் முகம் செத்துப்போயிற்று. "யக்கா, நான் அனுப்பிட்டேனே."

"எவ்ளோ?"

"சைபர்." போனை நீட்டினார். "ஒருத்தர் கணக்க ஒருத்தர் பாக்கதுக்கு முந்தி அனுப்பிரணும்னு நீங்கதான வருசா வருசம் சொல்லுவிய. மேல பறக்கத எழுதினா ஏசுவியளோன்னு பயந்துட்டேன்க்கா."

அவரை அடிக்கக் கை ஓங்கினாள். ஓங்கிய கையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். இரண்டு கணக்கும் முட்டிக்கொண்டால், ஒன்பது வருஷமும் இப்படித்தான் எண்ணினீர்களா என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்பான்.

312ஐ அடித்துச் சைபர் போட்டுக் கையெழுத்திட்டாள். பூநாரைகள் இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருந்தன.