எசமான் கேட்ட அங்கி

ஊற்றடியில் அங்கியை உதறிப் பார்த்ததும் வன்னோத்சாவுக்குக் கை ஓடவில்லை. பல ஒட்டுகளுக்கு நடுவே, மார்புக்கு நேரே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பழுப்பு ஒட்டு. அவள் போட்டது. செத்துப்போன மகன் நுச்சோவின் மேல்சட்டையிலிருந்து வெட்டி, அவளே தைத்தது.

"இது தெபால்தோ சாமி அங்கியாச்சே. உன் கையில எப்படி வந்துச்சு?"

கோட்டையிலிருந்து அதைத் துவைக்கக் கொண்டுவந்த வேலைக்காரி பியா மூக்கைச் சுளித்தாள். "எசமானுக்கு நாள் நெருங்கிருச்சுக்கா. மடத்துச் சாமியாரு உடுத்துன பழைய அங்கியோட செத்தா புனிதரு அசிசியாரே வந்து கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போவாராம்ல. இருக்கறதுலயே ஒட்டு ஜாஸ்தியா இருக்கறதக் கேட்டு வாங்கியிருக்காரு. நாத்தம் குடலப் புடுங்குது, அலசிக் குடுக்கச் சொன்னாங்க எசமானியம்மா."

"கம்பளி எசமானுக்குக் குத்தாதா?"

"குத்தாம? உள்ள செம்பட்டுச் சட்டைய மாட்டி, அதுக்கு மேலதான் இது. தெய்வத்துக்கென்ன, மேல இருக்கறதுதான தெரியப்போவுது."

பியா சிரித்தாள். வன்னோத்சா சிரிக்கவில்லை. இதே ஊற்றடியில்தான் நுச்சோ மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தான். வேட்டைக்குப் போன எசமான் வருவதைப் பார்த்து மாட்டை ஒதுக்கச் சற்று நேரமாகிவிட்டது. அவ்வளவுதான் அவன் செய்த குற்றம். குதிரையை அவன்மேலேயே ஏற்றிக் கொன்றுவிட்டுப் போனான் அந்தப் பாவி. கொலை செய்தவனுக்குக் கோவிலில் நற்கருணை அப்பம் தர மாட்டேன் என்று திருச்சபை ஆயர் பிடிவாதமாய் நின்றதால், பரிகாரமாக அதே இடத்தில் ஒரு மடத்தைக் கட்டி, அசிசியாரின் சபைத் துறவிகளைக் கூட்டிவந்து குடிவைத்தார்கள். ஊருக்குச் சொன்ன கதை வேறு. எசமான் கனவில் அசிசியார் வந்து இடம் காட்டினாராம். மடத்து வாசலுக்கு மேலே அதைச் சித்திரமாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். எசமான் முழந்தாளிட்டிருக்கிறான், அசிசியார் நிற்கிறார், ஊற்று ஓடுகிறது, மூலையில் குடும்ப இலச்சினை. நுச்சோ இல்லை, அவன் மாடுகூட இல்லை.

ஈர அங்கியைத் தோளில் போட்டுக்கொண்டு நேரே மடத்துக்குப் போனாள். தெபால்தோ சாமி தோட்டத்தில் அவரைக்கொட்டை விதைத்துக்கொண்டிருந்தார். உடம்பில் புத்தம்புது அங்கி. கோட்டைக்காரர்கள் மாற்றிக் கொடுத்தது போலும்.

"புது மாப்பிள்ளையாட்டம் இருக்கீங்க சாமி."

அவள் தோளில் கிடந்ததை அவர் பார்த்தார். முகம் வெளிறிவிட்டது. "வன்னோத்சாம்மா, எனக்குன்னு எதுவும் கிடையாது. அந்த அங்கி என்னோடது இல்ல. கேட்டா குடுக்கணும், அதான் எங்க ஒழுங்கு."

"உங்களோடது இல்ல, சரி. இந்த ஒட்டு யாரோடது? எம்புள்ள சட்டை ஒரு நல்லவன் நெஞ்சுல கெடக்கட்டும்னு உங்களுக்குத் தச்சேன். நீங்க அவனக் கொன்னவனுக்கே எடுத்துக் குடுத்திருக்கீங்க."

"யோசிக்காம குடுத்திட்டேம்மா. மடத்தையே கட்டிக் குடுத்தவங்க. முடியாதுன்னு எப்படிச் சொல்றது?"

"உங்களுக்குன்னு எதுவும் இல்லன்னு சொல்லிச் சொல்லி எங்களோடதத்தான சாமி எடுத்துக் குடுக்கறீங்க."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அந்தக் குனிவைப் பார்க்க அவளுக்கு இன்னும் ஆத்திரமாக வந்தது. தாழ்மையாம் தாழ்மை. கோட்டைக்கு ஒரு தாழ்மை, இவளுக்கு ஒரு தாழ்மை.

வாசலிலேயே, அந்தச் சித்திரத்துக்குக் கீழே உட்கார்ந்தாள். மடியிலிருந்த ஊசியால் தையலை ஒவ்வொன்றாக நெம்பினாள். நன்றாக உழைக்கட்டும் என்று அவளே இறுக்கிப் போட்ட தையல், லேசில் வரவில்லை. பல்லால் கடித்தும் இழுத்தாள். சாமி பார்த்துக்கொண்டே நின்றார், தடுக்கவில்லை. ஒட்டு கையோடு வந்ததும் இடுப்பில் செருகிக்கொண்டு, அங்கியைக் காயவைத்து, ஓட்டை உள்ளே போகும்படி மடித்து, கோட்டைக்குக் கொடுத்தனுப்பிவிட்டாள்.

அன்றிரவே எசமான் போய்ச் சேர்ந்தான். மூச்சு இழுத்துக்கொண்டிருந்த நேரத்தில், அரையிருட்டில், அவசர அவசரமாக அங்கியை மாட்டியிருக்கிறார்கள். மறுநாள் மடத்துக் கோவிலில், பீடத்துக்கு முன்னால், தானம் கொடுத்தவனுக்கென்றே ஒதுக்கிய இடத்தில் கிடத்தினார்கள். மலைக்கோட்டையிலிருந்து இறக்கிவந்த குலுக்கலில், மார்பில் மடித்து வைத்த கைகள் வயிற்றுக்கு நழுவி அப்படியே விறைத்துப் போயிருந்தன.

ஊரே வரிசையில் நின்று பார்த்தது. வன்னோத்சாவும் நின்றாள், இடுப்பில் ஒட்டோடு. நரைத்த கம்பளியின் நடுவே உள்ளங்கை அகலத்தில் ஓட்டை. ஓட்டைக்குள் செம்பட்டு. மெழுகுதிரி அசையும்போதெல்லாம் அது பளபளத்தது. முன்னால் நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தூபக்கலசத்தோடு நின்ற தெபால்தோ சாமி வன்னோத்சாவை நிமிர்ந்து பார்த்தார். இந்த முறை தலையைக் குனியவில்லை.

எசமானியம்மா அப்போதுதான் கவனித்தாள். பாட்டு நடந்துகொண்டிருக்க, புருஷனின் கையைப் பிடித்து மார்புப் பக்கம் இழுத்தாள். கை வரவில்லை. இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். கொஞ்சம் எழும்பியது. விட்டதும் பழையபடி இறங்கிக்கொண்டது.