மழைமானிக்கு ஊற்றிய பீர்

கார்னிவல் திருவிழாச் செவ்வாய்க்கிழமை எங்கள் மலைப்பக்கத்தில் வீடு, லாரி, தையல் மிஷின், லாமாப் பட்டி எதையும் விட்டுவைக்க மாட்டோம். எல்லாவற்றுக்கும் காகிதச் சுருள் சுற்றி, வண்ணத் துணுக்குகளைத் தூவி, கொஞ்சம் பீர் தெளித்து, "பூமித்தாயே, அடுத்த வருஷமும் பார்த்துக்கொள்" என்று வேண்டிக்கொள்வோம். போன வருஷம் அந்த மரியாதை கணவாய்க்கு மேலே இருக்கும் வானிலை ஆய்வு நிலையத்து மழைமானிக்கும் கிடைத்தது. அந்த நிலையத்தைப் பார்த்துக்கொள்வது என் வேலை.

காரணம் இருந்தது. மழை பொய்த்த வருஷம் அது. கீழே சுரிபட்டா ஊரில் உருளைக்கிழங்குச் செடியெல்லாம் பூக்குமுன்பே கருகிவிட்டது. புது வருஷம் பிறந்ததிலிருந்து கார்னிவல் வாரம் முடியும்வரை மழை நாற்பது மில்லிமீட்டரைத் தாண்டாவிட்டால் மாகாண அலுவலகம் அடுத்த நடவுக்கு விதைக்கிழங்கு கொடுக்கும். தாண்டினால் கிடையாது. எங்கள் மழைமானி முப்பத்திநாலில் நின்றது. அதற்கு நன்றி சொல்லத்தான் பாதி ஊர் குழல் ஊதிக்கொண்டு மலையேறி வந்தது.

நான் உள்ளே ஆட்டுக்கறி சூப்பைக் கிளறிக்கொண்டிருந்தேன். வெளியே வந்து பார்த்தால், ஊர்த்தலைவர் டோன் திபுர்சியோ ஸ்டூல் மேல் ஏறி நின்று, மழைமானியின் வாயில் ஒரு முழுப் புட்டியைக் கவிழ்த்துக்கொண்டிருக்கிறார்.

"ஐயையோ தலைவரே! என்ன காரியம் பண்றீங்க?"

"நம்ம வயித்துல பால வார்த்த மகராசன் இது, செவேரா. இதுக்குப் போயி ரெண்டு சொட்டு தெளிச்சா நல்லாவா இருக்கும்?"

"அது பால வார்த்துச்சு. நீங்க பீர வார்த்துட்டீங்களே!"

அந்தப் புனலுக்குள் குட்டி ஏற்ற இறக்கப் பலகை மாதிரி ஒரு கிண்ணம் இருக்கிறது. நிரம்பினால் சாயும். ஒவ்வொரு சாய்வும் மழைக்கணக்காக அந்த நிமிஷமே லா பாஸ் தலைமை அலுவலகத்துக்குப் போய்விடும். விழுந்தது தண்ணீரா பீரா என்று அது பார்ப்பதில்லை.

"ஒரு புட்டின்னா எவ்வளவு மழை?" என்றார் அவர், குரல் இறங்கி.

"இருபது மில்லிமீட்டர்."

ஆளாளுக்கு மனசுக்குள் கூட்டிப் பார்த்தார்கள். குழல் சத்தம் நின்றது.

"எனக்கு ஒரு நாளும் ஒரு மடக்கு மிச்சம் வச்சதில்ல இந்த மனுஷன்," என்றாள் அவர் மனைவி அசுந்தா. "இன்னிக்குன்னு பாத்துத் தகரத்துக்கு முழுப் புட்டி!"

மறுநாள் காலையில் ரேடியோவில் லா பாஸ் அலுவலகத்து இஞ்சினியர் ஒகாம்போவின் குரல். "வாழ்த்துகள் டோன்யா செவேரா! அங்க கொட்டு கொட்டுன்னு கொட்டுதாமே!"

"அது மழை இல்ல சார். பீர்."

இரைச்சலுக்கு நடுவே அவர் சிரிப்பது கேட்டது. "நான் நம்பறேம்மா. ஆனா கண்ணால பாக்காம கணக்குல ஏறின எதையும் அடிச்சுத் திருத்த எனக்கு அதிகாரம் இல்ல. வெள்ளிக்கிழமை வர்றேன். அதுவரைக்கும் யாரும் அதுல கை வைக்கக் கூடாது."

வியாழன் மாலை மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. ஒரு நல்ல மழை பெய்தால் உள்ளே ஒட்டியிருப்பதெல்லாம் கழுவிக்கொண்டு போய்விடும். அப்புறம் பீருக்குச் சாட்சி கிடையாது. டோன் திபுர்சியோ மூச்சிரைக்க ஏறி வந்தார், பின்னாலேயே அசுந்தாவும்.

"என் தொப்பியக் கவுத்து வச்சிடட்டுமா?"

"வச்சா, மழைமானிய மூடினவங்க சொல்ற எதையும் அவங்க நம்ப மாட்டாங்க. வேண்டாம் தலைவரே."

அவர் மேகத்தைப் பார்த்துக் கும்பிட்டார். "தாயே, கண்டிப்பா வா. ஆனா நாளைக்கு வா."

"ரெண்டு மாசமா வா வான்னு அழுதாரு, இப்ப வராதேன்னு அழறாரு," என்றாள் அசுந்தா. "பூமித்தாய்க்கே மண்டை காஞ்சிருக்கும்."

மேகம் மலைக்குப் பின்னாலேயே தங்கிவிட்டது. வெள்ளிக்கிழமை ஊரே மேலே கூடி நிற்க, ஜீப் வந்தது. இஞ்சினியரின் காதோரம் இன்னும் இரண்டு வண்ணத் துணுக்குகள் ஒட்டியிருந்தன. அதைப் பார்த்ததும் எனக்குப் பாதி உயிர் திரும்பியது. புனலைக் கழற்றினார். கிண்ணம் பிசுபிசுவென்று தாங்கியோடு ஒட்டிக் கிடந்தது. அடியில் ரோஸும் மஞ்சளுமாகக் காகிதத் துணுக்கு. விரலால் தொட்டு முகர்ந்தார்.

"நல்ல பீர்தான்," என்றார். படம் எடுத்துக்கொண்டு, கணக்கிலிருந்து அந்த இருபதை அடித்துக் கையெழுத்துப் போட்டார்.

கிண்ணத்தைக் கழுவி மாட்டிய பிறகு முதல் துளி விழுந்தது. டோன் திபுர்சியோ தொப்பியைக் கழற்றிவிட்டு நனைந்துகொண்டே நின்றார். அன்று முழுக்கப் பெய்தும் மூன்று மில்லிமீட்டர்தான். அதையும் சேர்த்து முப்பத்தேழு; வாரம் முடியும்வரை வேறு மழை இல்லை. விதைக்கிழங்கு எங்களுக்குத்தான்.

மழையிலேயே அசுந்தா இஞ்சினியர் கையில் ஒரு புட்டியைத் திறந்து கொடுத்தாள். முதல் வாய் பூமித்தாய்க்கு என்பது அவருக்கும் ரத்தத்தில் ஊறியதுதானே. பேச்சு சுவாரசியத்தில் புட்டியைப் பக்கவாட்டில் சாய்க்கப் போனார். பக்கத்தில் இருந்தது மழைமானி.

"சா...ர்!" என்று மொத்த ஊரும் கத்தியது.

இந்த வருஷக் கார்னிவலுக்கு முன்னாலேயே நான் ஒரு வேலை செய்துவிட்டேன். மழைமானியிலிருந்து நாற்பதடி தள்ளி ஒரு கம்பு நட்டு, அதன் உச்சியில் பால்பவுடர் டப்பா ஒன்றைக் கட்டிவைத்தேன். ஊர் வந்து அதற்குச் சுருள் சுற்றி, துணுக்குத் தூவி, ஆசை தீர ஊற்றிவிட்டுப் போனது.

டப்பா விஷயத்தை இஞ்சினியரிடமும் சொல்லியிருந்தேன். மறுநாள் அவர் ரேடியோவில் கேட்டார். "மழைமானியில பூச்சியம்னு வந்திருக்கு. டப்பாவுல எவ்வளவு?"

"ரொம்பி வழியுது சார்," என்றேன்.