தலைவரின் ஒரே தவணை

மணல் நில முன்னேற்றச் சங்கத்துக்கு மொத்தம் மூன்று உறுப்பினர்கள்: தலைவர், அவருடைய மைத்துனர், இலவசத் தொப்பிக்காகக் கையெழுத்துப் போட்ட பக்கத்து நிலத்து மாட்டுக்காரர். தலைவரின் மனைவி உறுப்பினர் அல்ல. அவளுக்கு வயலில் வேலை இருந்தது.

தலைவர் மூன்று நாள் பயிற்சிக்குப் போய்வந்தவர். முதல் நாள் பதிவு, மூன்றாம் நாள் சான்றிதழ். இரண்டாம் நாள் அவர் தூங்கிவிட்டார். மக்காச்சோளம் முழங்கால் உயரம் வந்ததும், இருந்த யூரியாவில் பாதியை ஒரே காலையில் கொட்டி, அது ‘உள்ளே இறங்க’ மதியம்வரை தண்ணீர் பாய்ச்சினார்.

உரம் சொன்ன பேச்சைக் கேட்டு இறங்கியது. மணல் அதை எங்கேயும் நிறுத்தி விசாரிக்கவில்லை. வேரைத் தாண்டி, சரிவோடு போய், பள்ளத்து வாய்க்காலைச் சேர்ந்தது. இரண்டே வாரத்தில் சோளம் மஞ்சளாய் நின்றது. வாய்க்கால் புல் இடுப்பளவு நின்றது.

மாட்டுக்காரர் நன்றி சொல்ல வந்தார்.

“அண்ணே, மாடு அரை லிட்டர் கூடக் கறக்குது. அடுத்த உரம் எப்பண்ணே?”

“நாளைக்கே,” என்றார் தலைவர்.

மனைவி காதில் அது விழுந்தது. மிச்சம் இருப்பது இரண்டு மூட்டை. அதுவும் வாய்க்காலுக்குப் போனால் இந்த வருஷம் கதிர் கிடையாது. நேராகக் கொட்டகைக்குப் போய் மூட்டைமேல் உட்கார்ந்துகொண்டாள்.

“எழுந்திரு. சங்கத்தோட திட்டம் பாதியில நிக்குது.”

“நாலு பங்காப் பிரிச்சு, பத்து நாளைக்கு ஒரு தடவை, செடிக்குச் செடி கொஞ்சமா. கூடவே மக்கின சாணி. சரின்னா எழுந்திரிக்கிறேன்.”

“இதென்ன குழந்தைக்குச் சோறு ஊட்டுறதா?”

“ஆமா. பத்து நாள் சோத்தை ஒரே வாயில திணிச்சா நீங்க முழுங்குவீங்களா?”

சங்கம் அங்கேயே கூடியது. மைத்துனர் அக்கா முகத்தைப் பார்த்தார். ராத்திரி சாப்பாடு அவள் வீட்டில்தான். நாலு பங்குக்குக் கை தூக்கினார். மாட்டுக்காரர் மாட்டின் சார்பில் ஒரே தவணைக்குத் தூக்கினார். மிச்சம் தலைவரின் கை.

கதவு வழியே சோளம் மஞ்சளாய்த் தெரிந்தது. தலைவர் கனைத்தார்.

“தீர்மானம் ஒத்திவைக்கப்படுகிறது.”

“ரொம்ப நல்லது,” என்றாள் மனைவி. “கால் பங்கை இன்னைக்குப் போட்டுட்டு மிச்சத்தை ஒத்திவைங்க. பத்து நாள் கழிச்சு மறுபடி ஒத்திவைங்க.”

தலைவர் யோசித்தார். ஒத்திவைப்பது தோல்வி ஆகாது. சங்கம் என்று இருப்பதே அதற்குத்தானே.

“குறிச்சுக்க மாப்ளே. தலைவரோட யோசனைன்னு எழுது.”

மனைவி எழுந்தாள்.

“எழுதட்டும். நீங்க அந்த வாளியை எடுங்க.”