விழுங்கிப் பார்த்துச் சொல்லுங்க

பிஸ்கட் தொழிற்சாலையில் அவளுக்கு ருசியக்கா என்று பெயர். சர்க்கரை சேர்க்காத பிஸ்கட் எதுவும் அவள் தலையாட்டாமல் வாசல் தாண்டாது. சர்க்கரைக்குப் பதிலாகப் போடும் செயற்கை இனிப்பு பலே கெட்டி. வாயில் இருக்கும்வரை நல்ல பிள்ளையாக நடந்துகொண்டு, தொண்டையில் இறங்கிய பிறகுதான் கசப்பைக் காட்டும். அதனால் சுவை பார்க்கும் மற்றவர்கள் துப்பினாலும் அவள் விழுங்குவாள். வருஷக்கணக்காக விழுங்கினாள்.

இப்போது வயிறு அவள் பேச்சைக் கேட்பதில்லை. மதியமானால் உப்பிக்கொள்ளும். நாலு பேர் நடுவில் கடமுடவென்று உருண்டு மானத்தை வாங்கும்.

"உள்ள யாரு குடியிருக்காங்க? வாடகையாவது குடுக்கறாங்களா?" என்று கிண்டலடித்தான், வேலை போய் வீட்டில் இருக்கும் கணவன். கவலை வந்தால் அவன் அப்படித்தான் பேசுவான்.

டாக்டரம்மா உடைத்தே சொன்னார்.

"குடல்ல நல்ல கிருமிங்க இருக்கும்மா. இந்த இனிப்பு சிலருக்கு அதுங்களைப் பாதிக்கலாம்னு சொல்றாங்க. உங்களுக்கும் அதுதான்னு அடிச்சுச் சொல்ல முடியாது. கொஞ்ச நாள் நிறுத்திப் பாருங்க."

"நிறுத்தினா வீட்டுல அடுப்பு எப்படி எரியும் டாக்டர்?"

அதற்கு டாக்டரம்மாவிடம் மாத்திரை இல்லை.

மறுநாளிலிருந்து யாருக்கும் தெரியாமல் அவளும் துப்ப ஆரம்பித்தாள். வயிறு மெல்ல அடங்கியது. எத்தனையோ நாளுக்குப் பிறகு நிம்மதியாகத் தூங்கினாள். ஆனால் அவள் சரியென்று அனுப்பிய பிஸ்கட் எல்லாம் லாரியில் திரும்பி வந்தது. கசக்கிறதாம்.

மேலாளர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அவளும் பதிலுக்கு நாலு வார்த்தை கேட்டிருப்பாள். அவரோ கெஞ்சினார்.

"உங்க நாக்கை நம்பித்தான் நாங்க எல்லாரும் இருக்கோம் அக்கா. இந்தத் தடவை நல்லா விழுங்கிப் பார்த்துச் சொல்லுங்க."

"வயித்துக்கு ஒத்துக்கலை சார். இந்த இனிப்பாலதானோன்னு..."

"அனுமதி வாங்கின சாமான்தானேக்கா? நானும்தான் சாப்பிடறேன். எனக்கு ஒண்ணும் ஆகலையே!"

டாக்டருக்கே நிச்சயமில்லாததை இவள் எதை வைத்து நிரூபிப்பாள்? தட்டிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்தாள்.

சுற்றி நின்றவர்கள் அவள் தொண்டையையே பார்த்தார்கள். மென்றாள். கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினாள். கொஞ்ச நேரத்தில் அடிநாக்கில் அந்தப் பழைய கசப்பு ஏறியது.

"கசக்குது சார்," என்றாள்.

"அப்பாடா!" மேலாளர் கைதட்டினார். "நம்ம ருசியக்கா திரும்ப வந்துட்டாங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். அழுகையை அடக்கிக்கொண்டு அவளும் சிரித்து வைத்தாள்.

அடுத்த தட்டு வந்தது.