டப்பாவுக்கு வெளியே ஒரு வரி

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதையின் முதல் வரி திருடியது. 'என் கணவர் செருப்பு அலமாரியின் மேல் ஒரு கம்ப்யூட்டரை வளர்க்கிறார். சோறு ஊட்டாததுதான் பாக்கி.' எழுதியவள் என் மனைவி. கணவர் நான். கம்ப்யூட்டர், திரை உடைந்த பழைய லேப்டாப்; எங்கள் வீட்டு சர்வர். திருடியது அவளுக்குத் தெரியாது. தெரிந்தால்

(இந்த வாக்கியத்தை முடிக்கத் தைரியம் இல்லை.)

2

கொஞ்சம் தொழில்நுட்பம். கொட்டாவி விடாதீர்கள், சீக்கிரம் முடித்துவிடுகிறேன். படங்கள், பாட்டு, குறிப்பேடு என்று ஒவ்வொன்றுக்கும் சர்வரில் ஒரு கன்டெய்னர். மனைவி மொழியில் டப்பா. புதுப் பதிப்பு வந்தால் பழைய டப்பாவைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதியதை வைக்க வேண்டும். அதனால் சேரும் சரக்கை டப்பாவுக்கு வெளியே ஒரு ஃபோல்டரில் வைக்கச் சொல்லி முன்கூட்டியே ஒரு வரி எழுத வேண்டும். பாட்டுக்கு எழுதினேன். படங்களுக்கு எழுதினேன். குறிப்பேட்டுக்கு மறந்துவிட்டேன்.

அந்தக் குறிப்பேட்டில்தான் அவள் ஏழு மாதமாகக் கதை எழுதிக்கொண்டிருந்தாள்.

3

ஞாயிறு காலை அப்டேட் போட்டேன். பத்தே விநாடி. புதுக் குறிப்பேடு வந்தது, துடைத்துவைத்த மாதிரி காலியாக. பழையதை மீட்க வழியில்லை.

துணி மடித்துக்கொண்டிருந்தவள் போனில் குறிப்பேட்டைத் திறந்து பார்த்தாள்.

"ஏங்க, என் கதை எங்க?"

"டப்பா மாத்தினேன்..."

"மாத்தறதுக்கு முன்னாடி உள்ள இருக்கறத வேற எதுலயாவது கொட்டி வைக்க மாட்டீங்களா? இதுக்கெல்லாமா படிச்சிட்டு வரணும்?"

(இங்கே கதாநாயகன் சாமர்த்தியமாக ஏதாவது சொல்ல வேண்டும். நான் சொன்னது: "சாரிம்மா.")

அவள் திட்டவில்லை. மடித்த துணியைப் பிரித்துத் திரும்ப மடித்தாள்.

4

அந்தக் கதையை என்னால் நினைவிலிருந்து எழுதித் தர முடியும். தினமும் அவள் ரத்தப் பரிசோதனைக்கூடத்துக்கு வேலைக்குக் கிளம்பியதும் திருட்டுத்தனமாகப் படித்திருக்கிறேன். (இருவருக்கும் ஒரே பாஸ்வேர்டு வைத்த மேதாவி நானே.) எழுதிக் கொடுத்தால் மாட்டிக்கொள்வேன். கொடுக்காவிட்டால் அவளுடைய ஏழு மாத உழைப்பு அம்போ.

இன்னொன்றும் இருக்கிறது. கதையில் வரும் மனைவி, கம்ப்யூட்டரோடு குடும்பம் நடத்தும் கணவனை விட்டுப் போய்விடலாமா என்று யோசிக்கிறாள். சனிக்கிழமை வரை எழுதியதில் பெட்டியில் பாதித் துணி அடுக்கியிருந்தாள். ஞாயிறு காலை என் மனைவி எழுதிய கடைசிப் பக்கத்தை நான் படிக்கவில்லை. அதற்குள் அப்டேட் போட்டுத் தொலைத்தேன்.

5

முடிவு ஒன்று: அவள் போகவில்லை. (கெஞ்சுகிற மாதிரி இருக்கிறது. அடித்துவிடலாம்.)

முடிவு இரண்டு: அவள் போய்விட்டாள், போகிற போக்கில் சர்வரையும் பிடுங்கி

வேண்டாம். வாசகரே, உங்களுக்குப் பிடித்த முடிவை வைத்துக்கொள்ளுங்கள். நான் இதைப் புதுக் குறிப்பேட்டில் சேமித்துவிட்டு, அவளிடம் போய் உண்மையைச் சொல்லப்போகிறேன். சொல்லத்தான் போகிறேன். ஒரு டீ குடித்துவிட்டு.

(ஏங்க, ஒரே பாஸ்வேர்டுன்னா எனக்கும்தான் திறக்கும். முதல் வரிய தப்பா எழுதியிருக்கீங்க. நான் 'கணவர்'னு எழுதல, 'புருஷன்'. 'வளர்க்கிறார்' இல்ல, 'வளர்க்கிறான்'. மீதிய ஒழுங்கா எழுதிக் குடுங்க, மரியாதையெல்லாம் சேக்காம. கடைசிப் பக்கம் எனக்கு ஞாபகம் இருக்கு. அத நான் பாத்துக்கறேன்.)