விசுவலிங்கத்தாரின் எண்கோணக் காசு

விசுவலிங்கத்தாருக்கு இந்த உலகத்தில் மிகவும் பிடித்த சொல் ஒன்று உண்டு. 'போலி' என்பதே அது. பெற்ற மகளின் பெயரைக்கூட அவர் அவ்வளவு வாய்நிறையச் சொன்னதில்லை.

ஜொகூரில் சிகாமட் ரயில் நிலையத்தில் அவர் பெரிய கிளார்க்கு. யாழ்ப்பாணத்துக்காரர். வேலை நேரம் போக மற்ற நேரமெல்லாம் பழங்காசுதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊரிலுள்ள காசுப் பைத்தியங்கள் எல்லாம் அவர் வீட்டு முன்னறையில் வந்து கூடும். கடைக்காரர், தோட்டத்துக் கங்காணி, கணக்கெழுதும் கிராணி என்று ஆளுக்கொரு கைக்குட்டை முடிச்சோடு வந்து, கோர்ட்டில் நிற்கிறவர்கள் மாதிரி முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு காத்திருப்பார்கள். அவர் பூதக்கண்ணாடியைத் துடைத்துக் கண்ணில் வைப்பார். பிறகு காசை மேசையில் சுண்டிவிட்டு, "போலி" என்பார்.

அதோடு விடுவாரா? புத்திமதியும் சொல்வார். "காசைத் தேய்க்கக்கூடாது. புளி போட்டு விளக்கிறவனுக்குக் காசு என்னத்துக்கு, குத்துவிளக்கு வாங்கி வைக்கட்டும்" என்பார். விளிம்பைப் பார்க்கச் சொல்வார், எழுத்தைப் பார்க்கச் சொல்வார். அதெல்லாம் நல்ல புத்திதான். நிறுத்துப் பார்க்கலாமா என்று யாராவது கேட்டால் மட்டும் அவருக்கு மூக்கின் மேல் கோபம் வந்துவிடும். "தராசு அடகுக்கடைக்காரனுக்கு. எனக்குக் கண் இருக்கு."

எல்லாம் சொல்லி முடித்த பிறகு, நீல வெல்வெட்டுப் பெட்டி ஒன்றைத் திறந்து காட்டுவார். உள்ளே பழைய ஜொகூர் அரசர்கள் காலத்துத் தங்கக் காசு ஒன்று இருக்கும். சுண்டுவிரல் நகமளவு, எட்டு மூலை, இரண்டு பக்கமும் ஜாவி என்கிற அரபு வடிவ மலாய் எழுத்து. மூலைகள் எட்டும் அளந்து வெட்டியவை போல இருக்கும், எழுத்துகள் கூராக நிற்கும். "அசல் எண்டால் இப்பிடி இருக்கவேணும். இதைப் பார்த்திட்டு உங்கட காசைப் பாருங்கோ" என்பார். ஜொகூர் பாருவில் கழுத்துப்பட்டி கட்டிய ஒரு கனவானிடம் வாங்கியது அது. கனவான் நல்ல இங்கிலீசு பேசினாராம். அதற்கு மேல் விசுவலிங்கத்தார் எதையும் விசாரிக்கவில்லை.

மளிகைக் கடை மணியமும் ஒரு தடவை எண்கோணக் காசு ஒன்றைக் கொண்டுவந்தார். பக்கத்துக் கம்பத்தில், அந்த மலாய்க் கிராமத்தில், ஒரு கிழவரிடம் அரிசிக்கு மாற்றி வாங்கியதாம். மெல்லியது, கோணலானது. விசுவலிங்கத்தார் பூதக்கண்ணாடியைக்கூட எடுக்கவில்லை. "இது காசில்லை மணியம், சட்டைப் பொத்தான். தையற்காரனிட்டைக் கொண்டுபோய்க் குடும்" என்றார். அறையே சிரித்தது. மணியம் வீட்டுக்குப் போகிற வழியில் பாலத்தின் மேல் நின்று அந்தக் காசை ஆற்றில் வீசிவிட்டுப் போனார். அதைக் கேள்விப்பட்ட விசுவலிங்கத்தார், "நல்ல வேலை செய்தான்" என்று காப்பி கேட்டார்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இந்த நுணல் தன் மகளையும் சேர்த்துக் கெடுத்தது. மகள் தவமணிதேவிக்கு வந்த முதல் சம்பந்தம், மாப்பிள்ளையின் மாமன் முறைக்காரர் காட்டிய வெள்ளிக் காசில் ஓட்டை அடைத்திருக்கிறது என்று இவர் சபையில் சொன்னதால் போயிற்று. இரண்டாவதும் ஏறக்குறைய அப்படியே போயிற்று. அவள் வயதுப் பெண்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

மூன்றாவதாகப் பாலோவிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. அங்கே ஒரு தோட்டத்துப் பெரிய கிராணி கதிரேசுவின் மகன். பையன் நல்லவன், பெண்ணைப் பிடித்துப்போயிற்று. விசுவலிங்கத்தாரின் மனைவி இராசம்மா, "இந்த முறை நீங்கள் வாயைத் திறந்து இது குழம்பினால் நான் கப்பலேறி ஊருக்குப் போயிடுவன்" என்று சொல்லி வைத்திருந்தாள். அவள் சொன்னால் செய்கிறவள்.

நாள் குறித்து, வெற்றிலை மாற்றி, எல்லாம் முடிந்த பிறகு கதிரேசு மடியிலிருந்து ஒரு முடிச்சை அவிழ்த்தார். அது என்ன முடிச்சு என்று விசுவலிங்கத்தாருக்குத் தெரிந்துபோயிற்று. நினைத்தது போலவே எண்கோணக் காசு.

"தோட்டத்திலை வாய்க்கால் வெட்டேக்கை கிடைச்சது சம்பந்தி. நீங்கள் சொன்னால் ஜொகூர் முழுக்கச் சொன்னமாதிரி. சொல்லுங்கோ."

விசுவலிங்கத்தார் கையில் வாங்கினார். மெல்லியது. விளிம்பு ஒழுங்கில்லை. எழுத்து பாதி மழுங்கிக் கிடந்தது. தன் பெட்டியிலிருப்பதோடு மனசுக்குள் வைத்துப் பார்த்தார். மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். 'போலி' என்ற சொல் நாக்கின் நுனிக்கு வந்து நின்றது. கதவோரத்தில் இராசம்மா தொண்டையைச் செருமினாள்.

"அசல்" என்றார். வேப்பெண்ணெய் குடித்தவர் போல இருந்தது அவர் முகம்.

கதிரேசு எழுந்து நின்றுவிட்டார். "அப்ப முடிவு செய்திட்டன். ஊரிலை எல்லாரும் பொன்னுருக்குக்குப் பவுன்காசைத்தான் உருக்குவினம். என்ர மகன்ர தாலிக்கு ராசாவின்ர காசை உருக்கப் போறன்."

யாழ்ப்பாணத்தார் கலியாணத்தில் இது ஒரு வழக்கம். நல்ல நாள் பார்த்து, மாப்பிள்ளை வீட்டில், உறவெல்லாம் சுற்றி நிற்க, தாலிக்கான பொற்காசை ஆசாரி நெருப்பில் உருக்கவேண்டும். பொன் குழம்பி மின்னினால் மங்கலம். மின்னாவிட்டால் என்ன என்று யாரும் நினைத்துப் பார்த்ததுகூட இல்லை.

"ஐயோ, அருமந்த காசு. உருக்கலாமே? இப்பிடி ஒண்டு இனிக் கிடையாது" என்று பதறினார் விசுவலிங்கத்தார். அவர் அருமை சொல்லச் சொல்லக் கதிரேசுவுக்குப் பெருமை தலைக்கேறியது. சந்தையில் மாடு வாங்கப் போனவனே மாட்டைப் புகழ்ந்து விலையை ஏற்றிக்கொண்ட கதை. வாயைத் திறந்தாலும் கெடுதி, மூடினாலும் கெடுதி என்று ஒரு மனிதனை அவன் நாக்கே கட்டிப்போட்டதை அன்று அந்த வீடு பார்த்தது.

பொன்னுருக்கு நாள் வந்தது. பாலோவுக்கு ரயிலேறும்போது விசுவலிங்கத்தார் வெல்வெட்டுப் பெட்டியைத் திறந்து தன் காசை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். வேறு வழி தெரியவில்லை. லாபிஸ் தாண்டும்வரை அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். மகள் புகுந்த வீடு போவதற்கு அழாத மனிதர், காசு போவதற்குச் சால்வையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கிராணி வீட்டு முற்றத்தில் ஆசாரி காளியப்பன் உமியும் கரியும் போட்டு நெருப்பு மூட்டியிருந்தார். மஞ்சளும் குங்குமமும் பூவும் நிறைந்த தட்டில் காசு பாதி மறைய வைக்கப்பட்டு, பெரியவர்கள் தொட்டு வாழ்த்துவதற்காகச் சபையில் சுற்றி வந்தது. விசுவலிங்கத்தார் முன்னால் தட்டு வந்தது. சால்வை ஒரு கணம் தட்டை மூடியது. அவ்வளவுதான். தட்டு நகர்ந்தபோது கதிரேசுவின் காசு இவர் மடியில் இருந்தது. இவருடைய உயிர் தட்டில் போய்க்கொண்டிருந்தது.

ஆசாரி காசை எடுத்தார். உள்ளங்கையில் வைத்துப் புருவத்தைச் சுருக்கினார். ஏதோ சொல்ல வாயெடுத்தவரை, "நல்ல நேரம் போகுது, போடுங்கோ" என்று கதிரேசு அவசரப்படுத்தினார். காசு, உருக்கும் மண்கிண்ணமான மூசையில் விழுந்தது. ஆசாரி ஊதினார்.

முதலில் மேற்பூச்சு கறுத்தது. பிறகு வெள்ளைப் புகை கிளம்பியது. நெருப்பின் ஓரத்தில் பச்சையாக ஒரு சுடர் எழுந்தது. மூசையின் அடியில் அழுக்கு நிறத்தில் ஏதோ குழம்பிக் கிடந்தது. நாதஸ்வரக்காரர் தானாகவே நிறுத்திக்கொண்டார்.

"இது பித்தளைங்க" என்றார் ஆசாரி.

விசுவலிங்கத்தார் மூசைக்குள் எட்டிப் பார்த்தார். அவருடைய காசு. அவருடைய அசல். இத்தனை காலமாக மற்ற எல்லாக் காசுகளையும் அளந்து பார்த்த அளவுகோல்.

கதிரேசு அவரையே பார்த்தார். "நீங்கள்தானே அசல் எண்டு சொன்னனீங்கள்."

அதற்குள் பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. "காசைச் சொல்லி என்ன. பொம்பிளையின்ர ராசி. இரண்டு சம்பந்தம் குழம்பின பெட்டையல்லோ. இதை இதோடை விடுங்கோ."

பல தலைகள் ஆடின. கதிரேசுவின் மனைவி மஞ்சள் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே போகத் திரும்பிவிட்டாள். வெண்ணெய் திரண்டு வருகையில் தாழி உடைகிறது. இராசம்மா தலையைக் குனிந்துகொண்டாள். அவள் தோள் குலுங்கியது. கலியாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் சபையில் தலைகுனிந்து அவர் பார்த்ததில்லை. அவர் எழுந்து நின்றார்.

"ராசி இல்லை" என்றார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல வந்தது. "அது என்ர காசு. கிராணியாரின்ர காசு போலி எண்டு நினைச்சன். சொல்லப் பயமாயிருந்தது. அசலைப் போடுவம் எண்டு என்ரயை மாத்திப்போட்டன். பிழை என்னிலை. பிள்ளையிலை ஒண்டும் இல்லை."

மடியிலிருந்த காசை எடுத்துக் கதிரேசு முன்னால் வைத்தார். கதிரேசுவின் முகம் சிவந்தது. மனிதர் அடிப்பாரோ என்றுகூடச் சிலர் நினைத்தார்கள்.

"இதுக்குப் பதில் ஒரு பவுனை உருக்குங்கோ. நான் தாறன்" என்று கெஞ்சினார் விசுவலிங்கத்தார். அந்தக் காசும் புகையப் போகிறது என்பதில் அவருக்கு அப்போதும் சந்தேகமே இல்லை. பட்டும் புத்தி வராத சாதி.

"ஆசாரி, இதைப் போடும்" என்றார் கதிரேசு.

ஆசாரி அதையும் கையில் எடுத்துப் பார்த்தார். இந்தத் தடவை புருவம் சுருங்கவில்லை. புது மூசையில் போட்டு ஊதினார். மெல்லிய கோணல் காசு மூலை மூலையாகக் குழைந்து, ஒன்றாகத் திரண்டு, ஒரு துளியாக உருண்டு மின்னியது. புகை இல்லை. பச்சையும் இல்லை. ஆசாரி அண்ணாந்து சிரித்தார். "சொக்கத் தங்கமுங்க." கதிரேசுவின் மனைவி தட்டோடு திரும்பி வந்தாள். நாதஸ்வரம் மறுபடி தொடங்கியது.

கலியாணம் சிகாமட்டில் நடந்தது. குறையொன்றும் இல்லை. ஊருக்கே கதை தெரிந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தார் அத்தனை பேரும் வந்திருந்தார்கள். அவர் பேச்சைக் கேட்டுத் தாங்கள் தூக்கியெறிந்த காசையும் கொடுத்துவிட்ட காசையும் எண்ணிக்கொண்டு, மாப்பிள்ளையைப் பார்க்காமல் பெண்ணின் தகப்பனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். விசுவலிங்கத்தார் பந்தியில் குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தார். எதிர் இலையில் மளிகைக் கடை மணியம். பாயசம் வருகிறவரை மணியம் சாப்பாட்டிலேயே கண்ணாக இருந்தார்.

"ஐயா, ஒண்ணு கேக்கணும் லா" என்றார் மணியம். "நான் ஆத்துல வீசினேனே ஒரு காசு. அது என்னாங்க, அசலா, போலியா?"

விசுவலிங்கத்தார் சோற்றை ஒதுக்கிப் பாயசத்துக்கு அணை கட்டப் பார்த்தார். இலையில் பாயசம் ஓடிக்கொண்டிருந்தது.

கையில் கரண்டியோடு நின்ற இராசம்மாதான் பதில் சொன்னாள். "அதிலை என்ன சந்தேகம் தம்பி. இவர் போலி எண்டு சொன்னவரல்லோ. அசலாத்தான் இருந்திருக்கும்."